ஒரு ராத்திரிக்குள் முடியாத 20 ஜிபி ஃபைல்: மாற்ற வேண்டியது கோபோலையா, எழுதிய விதத்தையா?

#1 நள்ளிரவு_பேட்ச்

வணக்கம் நண்பர்களே. ஒரு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும் ஒரு ஜாப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன்.

ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் (பெரிய நிறுவனக் கணினியில்) ஓடும் மாதக் கடைசி ஜாப். கோபோல் என்ற பழைய வணிக மொழியில் எழுதிய ப்ரோக்ராம். எழுதியவர் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. வேலை என்னவோ எளிதுதான். பரிவர்த்தனை ஃபைலை முதலிலிருந்து படிக்கும். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் கணக்கு எண்ணை எடுத்துக்கொண்டு மாஸ்டரில் (கணக்கு விவரங்கள் இருக்கும் வீசாம் ஃபைல்; வீசாம் என்பது கீ வைத்து நேராகத் தேட உதவும் ஐபிஎம் ஃபைல் முறை) போய்த் தேடும். கிடைத்த விவரத்தைச் சேர்த்து 80 பைட்டில் ஓர் அவுட்புட் ரெக்கார்டு எழுதும். கூடவே மண்டலவாரியாகத் தொகையைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசியில் ஒரு பக்கச் சுருக்க அறிக்கை கொடுக்கும்.

எழுதிய காலத்தில் மாதத்துக்கு எட்டு லட்சம் ரெக்கார்டு. போன மாதம் டிரெய்லரில் (எண்ணிக்கை சொல்லும் கடைசி ரெக்கார்டில்) இருந்த எண்ணிக்கை 10,37,42,816. ஒவ்வொன்றும் 200 பைட், மொத்தம் 20 ஜிபிக்கு மேல். எங்களுக்கு இரவில் கிடைப்பது ஆறு மணி நேரம். போன மாதம் ஒன்பது மணி நேரம் ஓடிவிட்டு, அவுட்புட் ஃபைலுக்கு இடம் போதாமல் பி37 என்ற இடப் பற்றாக்குறைப் பிழையில் விழுந்தது. இடத்தைக் கூட்டிக் கொடுத்து முதலிலிருந்து ஓட்டினோம். பதினொரு மணி நேரம் பிடித்தது.

மேலிடத்தில் "கோபோலுக்கு இவ்வளவு பெரிய ஃபைல் தாங்காது, ஜாவாவில் எழுதிவிடலாம்" என்கிறார்கள். உண்மையிலேயே மொழியின் எல்லைக்கு வந்துவிட்டோமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். ஜாப் முடிந்ததும் "படித்த ரெக்கார்டுகள்: 03742816" என்று ஸ்பூலில் (ஜாப்பின் அச்சு வெளியீட்டில்) வந்தது. அவுட்புட்டில் எல்லா ரெக்கார்டும் சரியாக இருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.

#2 பச்சைத்திரை

தம்பி, அந்தச் "சின்ன விஷயத்தை" முதலில் பாருங்கள். பதினொரு மணி நேரம் எரிச்சல் தரும், அவ்வளவுதான். எனக்குப் பயம் தருவது அந்த எண்.

டிரெய்லரில் 10,37,42,816. ஸ்பூலில் 37,42,816. சரியாகப் பத்துக் கோடி குறைகிறது. கவுண்டர் பிக் 9(8), அதாவது எட்டு இலக்க ஃபீல்டாக இருக்கும், திறந்து பாருங்கள். எட்டு இலக்கத்தில் 99999999 வரைக்கும்தான் இடம். அதோடு ஒன்று கூட்டினால் முன்னால் வரவேண்டிய 1 வெட்டுப்பட்டு 00000000 ஆகும். அபெண்ட் ஆகாது (பிழையோடு நிற்காது), எச்சரிக்கை வராது, ரிட்டர்ன் கோடும் பூஜ்யம்தான் (எல்லாம் சரி என்று பொருள்). ஆட் கட்டளையில் "ஆன் சைஸ் எரர்" எழுதியிருந்தால்தான் ப்ரோக்ராமுக்கே அது தெரியும்.

கவுண்டருக்கு நடந்தது தொகை கூட்டும் ஃபீல்டுக்கும் நடக்கலாம். மண்டலவாரிக் கூட்டல் என்று சொன்னீர்கள். அந்த ஃபீல்டின் அகலம் என்ன? எட்டு லட்சம் ரெக்கார்டு காலத்தில் "இது போதும்" என்று ஒருவர் போட்ட அகலம் அது. ரெக்கார்டு நூறு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது, ஃபீல்டு அப்படியே இருக்கிறது. இன்றைக்கே பார்த்துவிட்டு எழுதுங்கள். வேகம் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

#3 புதுத்தடம்

நான் மேலிடத்தின் பக்கம் நின்று பேசுகிறேன். பத்துக் கோடி ரெக்கார்டு என்பது இன்றைக்கு நடுத்தர அளவு. பல த்ரெட், பல மெஷின் என்று பிரித்து ஓட்டுவதற்கு இப்போதைய கருவிகள் எல்லாம் தயாராக இருக்கின்றன. எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார், உள்ளே இருப்பது யாருக்கும் முழுதாகத் தெரியாது, டெஸ்ட் கிடையாது. இதே கவுண்டர் பிழையை எடுங்கள்: யூனிட் டெஸ்ட் எழுதும் பழக்கம் உள்ள இடத்தில் என்றோ பிடித்திருப்பார்கள். இதை இன்னும் ஒட்டுப்போட்டு ஓட்டுவது சரியா?

#4 பச்சைத்திரை

புதுத்தடம், டெஸ்ட் இல்லாதது பெரிய குறை. அதில் உங்களோடு முழுதாக ஒத்துப்போகிறேன். ஆனால் ஜாவாவிலும் இன்ட் என்பது 214 கோடியே சொச்சத்தைத் தாண்டினால் சத்தமில்லாமல் எதிர்மறைக்குப் போகும். அகலத்தை யோசிக்காமல் எழுதினால் எந்த மொழியும் காப்பாற்றாது.

இப்போது நேரக் கணக்கு. பேட்ச் தம்பி, பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ப்ரோக்ராம் 10.37 கோடி தடவை மாஸ்டரை கீ வைத்துப் படிக்கிறது. ஒரு படிப்புக்கு 0.3 மில்லிவிநாடி என்று தாராளமாகவே வைப்போம். பெருக்கினால் 31,000 விநாடிக்கு மேல் வருகிறது, அதாவது எட்டரை மணி நேரம். நீங்கள் பார்த்த பதினொரு மணியில் பெரும்பங்கு இதுதான். கோபோல் கணக்குப் போடும் நேரம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. இதே தர்க்கத்தை ஜாவாவில் எழுதினாலும் அந்த 10.37 கோடி தேடலும் கூடவே வரும்.

அடுத்தது அவுட்புட். எஃப்டி-யில் (ப்ரோக்ராமில் ஃபைலை விவரிக்கும் பகுதியில்) அந்த ஃபைலுக்கு "பிளாக் கண்டெய்ன்ஸ் 0 ரெக்கார்ட்ஸ்" என்ற வரி இருக்கிறதா? இருக்காது என்று நினைக்கிறேன். அது இல்லாவிட்டால் ஒரு பிளாக்குக்கு (டிஸ்க்கில் ஒரே தடவையில் எழுதும் துண்டுக்கு) ஒரே ரெக்கார்டு. ஜேசிஎல்-இல் (ஜாப்பை ஓட்டும் கட்டளை வரிகளில்) பிளாக்சைஸ் எவ்வளவு கொடுத்தாலும் ப்ரோக்ராமில் உள்ளதுதான் எடுபடும். 3390 என்ற ஐபிஎம் டிஸ்க்கில் ஒரு டிராக்கில் (ஒரு வட்டத் தடத்தில்) 80 பைட் ரெக்கார்டு தனித்தனி பிளாக்காக எழுதினால் 78 மட்டுமே அடங்கும். பிளாக்குக்குப் பிளாக் இடைவெளி விடவேண்டியிருப்பதால் டிராக்கின் பெரும்பகுதி வீண். அதையே அரை டிராக் அளவுக்கு, 27,920 பைட் பிளாக்காக எழுதினால் பிளாக்குக்கு 349, டிராக்குக்கு 698. ஒன்பது மடங்கு.

உங்கள் எண்ணிக்கைக்கு இப்போது வேண்டியது 13.3 லட்சம் டிராக். சாதாரண சீக்வென்ஷியல் ஃபைல் ஒரு வால்யூமில் (ஒரு டிஸ்க்கில்) 65,535 டிராக்குக்கு மேல் போகாது, ஆகவே 21 வால்யூம். அந்த ஒரு வரியைச் சேர்த்தால் ஏறக்குறைய 1.49 லட்சம் டிராக், மூன்று வால்யூம் போதும். ஜேசிஎல்-இல் டிஎஸ்என்டைப் லார்ஜ் கொடுத்தால் அந்த 65,535 தடையும் கிடையாது. பி37 வந்ததில் ஆச்சரியம் இல்லை, இத்தனை மாதம் வராமல் இருந்ததுதான் ஆச்சரியம். எழுதும் பிளாக் எண்ணிக்கையும் 10.37 கோடியிலிருந்து மூன்று லட்சத்துக்குள் வந்துவிடும்.

என்டர்பிரைஸ் கோபோல் 4.2 முதல் பிளாக்0 என்று ஒரு கம்பைலர் ஆப்ஷனே இருக்கிறது. சோர்ஸைத் தொட அனுமதி கிடைக்காதவர்கள் அதைப் போட்டு ரீகம்பைல் செய்யலாம்.

#5 கன்ட்ரோல்_இன்டர்வல்

பச்சைத்திரை அண்ணன் சொன்னதோடு மாஸ்டர் பக்கத்தைச் சேர்க்கிறேன். மாஸ்டரில் மொத்தம் எத்தனை கணக்கு? அந்த எண் தெரிந்தால்தான் எந்த வழி என்று சொல்லமுடியும்.

பரிவர்த்தனை ஃபைல் வந்த வரிசையில்தானே இருக்கும்? ஒரே கணக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும், ஒவ்வொரு தடவையும் இண்டெக்ஸின் மேல்மட்டத்திலிருந்து இறங்கி வரவேண்டும். முதலில் பரிவர்த்தனையைக் கணக்கு எண்படி சார்ட் செய்யுங்கள் (வரிசைப்படுத்துங்கள்). அதன் பிறகு இரண்டு வழி.

சுலபமான வழி: இப்போதைய ரேண்டம் ரீடை அப்படியே வைத்துக்கொண்டு, "முந்தைய ரெக்கார்டின் கீயும் இதுவும் ஒன்று என்றால் மறுபடி படிக்காதே" என்று ஒரு இஃப் மட்டும் சேர்ப்பது. நாலே வரி மாற்றம். தேடல் எண்ணிக்கை கணக்குகளின் எண்ணிக்கைக்கு இறங்கிவிடும். கீ ஏறுவரிசையில் போவதால் அடுத்த கணக்கு பெரும்பாலும் ஏற்கெனவே பஃபரில் (மெமரியில்) இருக்கும் இன்டர்வலிலேயே (வீசாம் ஒரே தடவையில் படிக்கும் துண்டிலேயே) கிடைக்கும்.

முழு வழி: மாஸ்டரையும் சீக்வென்ஷியலாகப் படித்து இரண்டையும் பக்கம் பக்கமாக நடத்திப் பொருத்துவது. கேஎஸ்டிஎஸ்-ஐ (கீ வைத்துத் தேடும் வீசாம் ஃபைல் வகை) சீக்வென்ஷியலாகப் படித்தால் கீ வரிசையில்தான் வரும், மாஸ்டரைச் சார்ட் செய்யவே வேண்டாம். தர்க்கம் இவ்வளவுதான்:

பரிவர்த்தனை கீ = மாஸ்டர் கீ → சேர்த்து எழுது, அடுத்த பரிவர்த்தனையைப் படி
பரிவர்த்தனை கீ > மாஸ்டர் கீ → அடுத்த மாஸ்டரைப் படி
பரிவர்த்தனை கீ < மாஸ்டர் கீ → மாஸ்டரில் இல்லாத கணக்கு. பிழை ஃபைலில் எழுது, அடுத்த பரிவர்த்தனையைப் படி
எந்த ஃபைல் முடிந்தாலும் அதன் கீ-யில் ஹை-வேல்யூஸ் (எந்தக் கீ-யையும்விடப் பெரிய மதிப்பு) போடு
இரண்டு கீ-யும் ஹை-வேல்யூஸ் என்றால் நிறுத்து

அந்தக் கடைசி இரண்டு வரியில்தான் பலர் தடுக்கி விழுவார்கள். பரிவர்த்தனை முடிந்ததும் நிறுத்திவிட்டு மாஸ்டரின் வாலை விட்டுவிடுவார்கள், அல்லது மாஸ்டர் முடிந்ததும் நிறுத்திவிட்டு மிச்சப் பரிவர்த்தனைகளைத் தொலைத்துவிடுவார்கள். ஹை-வேல்யூஸ் போட்டால் தனியாக எந்தக் கொடியும் வேண்டாம். "சமம்" கேட்பதற்கு முன்னால் நிறுத்தும் சோதனை வரவேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், இல்லையென்றால் இரண்டு ஹை-வேல்யூஸும் சமம் என்று கடைசி ரெக்கார்டை இன்னொரு தடவை எழுதிவிடும்.

பரிவர்த்தனையில் வரும் கணக்குகள் மாஸ்டரில் நூற்றுக்கு ஐந்துதான் என்றால் முழு மாஸ்டரையும் படிப்பது வீண். அப்போது முதல் வழியே மேல். பாதிக்கு மேல் தொடுகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதற்குப் போங்கள்.

பஃபரையும் பாருங்கள். வீசாம் இயல்பாகக் கொடுப்பது டேட்டாவுக்கு 2, இண்டெக்ஸுக்கு 1. சீக்வென்ஷியல் படிப்புக்கு பஃப்என்டி-யை (டேட்டா பஃபர் எண்ணிக்கையை) கூட்டுங்கள், ரேண்டம் படிப்புக்கு பஃப்என்ஐ-யை (இண்டெக்ஸ் பஃபர் எண்ணிக்கையை) கூட்டுங்கள். இது ஜேசிஎல்-இல் ஏஎம்பி பாராமீட்டரில் முடிகிற வேலை, கம்பைல்கூட வேண்டாம்.

#6 நள்ளிரவு_பேட்ச்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திருத்திப் பார்த்ததில் கண்டவை.

கவுண்டர் பிக் 9(8)-தான். அண்ணன் சொன்னது அப்படியே. மொத்தத் தொகை எஸ்9(13)வி99 (முழு எண்ணுக்கு 13 இலக்கம், பைசாவுக்கு 2), அது தாங்கும். ஆனால் மண்டலக் கூட்டல் டேபிளில் இருப்பது எஸ்9(9)வி99. நூறு கோடியைத் தொட்டதும் வெட்டுப்படும். இதைப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது. எந்த மாதத்திலிருந்து என்று பழைய அறிக்கைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன், தனியாக எழுதுகிறேன்.

பிளாக் வரி இல்லை, அதுவும் சரி. மாஸ்டரில் 1.8 கோடி கணக்கு. பாதிக்கு மேல் ஒவ்வொரு மாதமும் தொடுகிறோம், ஆகவே முழு வழிக்கே போகிறேன்.

சார்ட்டில் ஒரு சிக்கல். ப்ரோக்ராமுக்கு உள்ளேயே சார்ட் கட்டளை எழுதி, இன்புட் ப்ரொசீஜரில் வேண்டாத ரெக்கார்டுகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை ரிலீஸ் செய்தேன் (சார்ட்டுக்குக் கொடுத்தேன்). ஐசிஇ046ஏ, கொள்ளளவு தாண்டிவிட்டது என்று நின்றது. சார்ட்வொர்க் (சார்ட்டின் தற்காலிக வேலை) இடத்தை இன்னும் கூட்டவேண்டுமா?

#7 பச்சைத்திரை

இன்புட் ப்ரொசீஜர் வழியாக ரெக்கார்டுகளைக் கொடுத்தால், மொத்தம் எத்தனை வரும் என்று டிஎஃப்சார்ட் என்ற ஐபிஎம் சார்ட் ப்ரோக்ராமுக்கு முன்கூட்டித் தெரியாது. தனக்குத் தெரிந்த அளவில் வேலை இடத்தை ஒதுக்கிக்கொண்டு தொடங்கும், பாதியில் தீர்ந்துபோகும். கோபோலில் சார்ட்-ஃபைல்-சைஸ் என்ற ஸ்பெஷல் ரெஜிஸ்டரில் மதிப்பீடு சொல்லலாம், ஆனால் அதன் வரையறையே எஸ்9(8) பைனரி. உங்கள் எண்ணிக்கை எட்டு இலக்கத்தைத் தாண்டிவிட்டது.

ப்ரோக்ராமை விட்டு வெளியே வாருங்கள். சார்ட்டைத் தனி ஸ்டெப்பாகப் போடுங்கள். ஃபைலை அதுவே நேராகப் படிக்கும்போது அளவை அதுவே தெரிந்துகொள்ளும். வேண்டாததைக் கழிக்க ஓமிட் இருக்கிறது. இன்னும் முக்கியம், சார்ட்டுக்கு முன்பே ரெக்கார்டைச் சுருக்கும் இன்ரெக். 200 பைட்டில் உங்களுக்கு உண்மையில் வேண்டியது எத்தனை? கணக்கு எண், தேதி, வகை, தொகை, கிளைக் குறியீடு, எல்லாம் சேர்த்து 60 பைட் வருமா? முன்னாலேயே வெட்டிவிட்டால் சார்ட் புரட்டவேண்டியது 20 ஜிபி இல்லை, ஆறு ஜிபி சொச்சம்.

சார்ட்டை கோபோலுக்குள் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் யூசிங், கிவிங் எழுதி ஃபாஸ்ட்எஸ்ஆர்டி ஆப்ஷனோடு கம்பைல் செய்யுங்கள். அப்போது ஃபைலைப் படிப்பதையும் எழுதுவதையும் சார்ட்டே நேரடியாகச் செய்யும்.

#8 ஆர்பிஜி_அக்கா

நான் ஏஎஸ்/400 காலத்திலிருந்து ஐபிஎம் ஐ-யில் (மெயின்ஃப்ரேம் அல்லாத இன்னொரு ஐபிஎம் கணினி வரிசையில்) இருக்கிறேன். எங்கள் பக்கத்திலும் இதே நோய்க்கு வேறு முகம் உண்டு, தேடி வருபவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பிசிக்கல் ஃபைல் (டேட்டா இருக்கும் ஃபைல்) உருவாக்கும்போது அளவைச் சொல்லாமல் விட்டால் இயல்பு 10,000 ரெக்கார்டு, 1,000-ஆக மூன்று தடவை கூடும். 13,000-இல் நின்றுவிடும். உடனே சிபிஏ5305 என்ற செய்தி ஆபரேட்டருக்குப் போகும்: மெம்பர் நிறைந்துவிட்டது, என்ன செய்ய? இரவில் பதில் சொல்ல ஆளில்லை என்றால் காலை வரைக்கும் ஜாப் காத்துக்கொண்டே நிற்கும். அதனால் பெரிய ஃபைல்களுக்கு நோமேக்ஸ் (எல்லை இல்லை) கொடுப்போம். அப்படிக் கொடுத்த பிறகு ஒரு லூப் தவறாக எழுதினால் டிஸ்க்கையே நிரப்பிவிடும் என்ற அபாயமும் உண்டு. ஆகவே நான் கண்மூடித்தனமாக நோமேக்ஸ் போடுவதில்லை. எதிர்பார்க்கும் அளவுக்கு மூன்று மடங்கு கொடுத்து வைப்பேன்.

அழித்த ரெக்கார்டும் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ரீயூஸ் டெலீட்டட் (அழித்த இடத்தை மறுபடி பயன்படுத்தும் ஆப்ஷன்) இல்லாமல் உருவாக்கிய ஃபைலில் மாதாமாதம் அழித்து அழித்து எழுதினால், உயிரோடு ஒரு கோடி, செத்தது மூன்று கோடி என்று கிடக்கும். முழுதாகப் படிக்கும் ஜாப் அந்தப் பிணங்களையும் தாண்டித்தான் போகவேண்டும். ரீஆர்கனைஸ் செய்தாலே நேரம் பாதியாகக் குறைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வரிசையாகப் படிக்கும் ஃபைலுக்கு ஓவர்ரைடில் சீக்வென்ஷியல் ஒன்லி 1000 என்று கொடுங்கள். ஒரு ரெக்கார்டுக்கு ஒரு தடவை டேட்டாபேஸ் பக்கம் போய் வருவதற்குப் பதில் ஆயிரத்துக்கு ஒரு தடவை போய் வரும். ஆர்பிஜி (எங்கள் பக்கத்து மொழி) சோர்ஸில் ஒரு எழுத்தும் மாற்றவேண்டாம். ஆனால் அந்த ஃபைலை ப்ரோக்ராம் அப்டேட்டுக்குத் திறந்திருந்தால் இது எடுபடாது, படிக்க மட்டும் திறந்திருக்கவேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லா ஃபைலையும் அப்டேட்டில் திறந்து வைத்திருக்கும் பழைய ப்ரோக்ராம்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

#9 திறந்தவெளி

லினக்ஸுக்கு இடம் மாறிய கோபோல் கடைகளில் வேலை பார்ப்பவன் நான். பேட்ச் நண்பரே, நாளைக்கு உங்கள் ஃபைலை வேறு மெஷினுக்குக் கொண்டுபோகும் நிலை வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

கேட்பவர்கள் எல்லாரும் 2 ஜிபி, 4 ஜிபி எல்லையைப் பற்றித்தான் கேட்பார்கள். அது தெரிந்த பிசாசு. மைக்ரோ ஃபோகஸ் கோபோலில் ஃபைல்மேக்ஸ்சைஸ் 8 என்று வைத்தால் தீரும். ஒரே ஃபைலைப் பகிரும் எல்லா ப்ரோக்ராமுக்கும் ஒரே மதிப்பு இருக்கவேண்டும், இல்லையென்றால் லாக்கிங் குழம்பும். இண்டெக்ஸ்டு ஃபைல் என்றால் ஐடிஎக்ஸ்ஃபார்மேட் 8.

தெரியாத பிசாசு வேறொன்று. ஃபைலை டெக்ஸ்ட் மோடில் மாற்றி அனுப்புவது. மெயின்ஃப்ரேமின் எப்சிடிக் குறியீட்டில் ஹெக்ஸ் 15 என்பது புதுவரி, 25 என்பது லைன் ஃபீடு. பேக்டு டெசிமல் ஃபீல்டில் (ஒரு பைட்டில் இரண்டு இலக்கம் வைக்கும் முறை) 15, 25 என்ற இரட்டை இலக்கங்கள் அப்படியே பைட்டாக உட்கார்ந்திருக்கும். 1,150 என்ற தொகையை ஏழு இலக்க பேக்டு ஃபீல்டில் எழுதினால் 00 01 15 0சி. நடுவில் 15. டெக்ஸ்ட் மாற்றம் அதைப் புதுவரி என்று எடுத்துக்கொண்டு ரெக்கார்டை அந்த இடத்தில் உடைத்துவிடும். ஆயிரம் ரெக்கார்டு டெஸ்ட் ஃபைலில் அப்படி ஒரு தொகை வராமலே போகலாம். பத்துக் கோடியில் கட்டாயம் வரும்.

பைனரியாகக் கொண்டு வந்தபிறகும் லைன் சீக்வென்ஷியல் (வரிவரியாகப் பிரிக்கும் டெக்ஸ்ட் வகை) என்று அறிவித்துப் படிக்காதீர்கள். காம்ப் (பைனரி) ஃபீல்டில் 10 என்ற மதிப்பு ஹெக்ஸ் 0ஏ, அங்கே அதுதான் வரிமுடிவு. பேக்டில் பூஜ்யத்தில் முடியும் எதிர்மறை எண்ணின் கடைசி பைட் 0டி, அது கேரேஜ் ரிட்டர்ன். பைனரி ஃபீல்டு இருக்கும் ஃபைல் என்றால் நிலையான நீளத்தோடு வெறும் சீக்வென்ஷியல்தான்.

கன்ட்ரோல்_இன்டர்வல் சொன்ன பக்கம் பக்கமாகப் பொருத்தும் வழிக்கும் ஒரு குறிப்பு. எப்சிடிக்கில் எழுத்துகள் முன்னால், எண்கள் பின்னால். லினக்ஸ் பக்கத்து ஆஸ்கி குறியீட்டில் எண்கள் முன்னால். கணக்கு எண்ணில் எழுத்தும் கலந்திருந்தால், அங்கே சார்ட் செய்த ஃபைலை இங்கே கொண்டுவந்து பொருத்தினால் பாதி கணக்குகள் "மாஸ்டரில் இல்லை" என்று பிழை ஃபைலுக்குப் போகும். பொருத்தும் ப்ரோக்ராமில் எப்போதும் ஒரு வரிசைச் சோதனை வையுங்கள்: இப்போதைய கீ முந்தையதைவிடச் சின்னது என்றால் அங்கேயே நிறுத்து.

#10 புதுத்தடம்

படித்துக்கொண்டே வருகிறேன். வேகம் மொழியால் வந்த சிக்கல் இல்லை என்பது புரிந்தது, அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சம். ஒன்பதாவது மணி நேரத்தில் விழுந்தால் முதலிலிருந்துதான் ஓட்டவேண்டும் என்பது ஏற்கமுடியாதது. புதிய கருவிகளில் விழுந்த துண்டை மட்டும் மறுபடி ஓட்டுவார்கள். இங்கே அதற்கு என்ன வழி?

#11 பச்சைத்திரை

நல்ல கேள்வி. பழைய வழி ரீரன்: இத்தனை ரெக்கார்டுக்கு ஒரு தடவை செக்பாயின்ட் (அதுவரையிலான நிலையின் சேமிப்பு) எடுக்கச் சொல்லும் கோபோல் கிளாஸ். கேட்க அழகாக இருக்கும். சிலர் தாங்களே கடைசி கீ-யை ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு, மறுபடி தொடங்கும்போது அதுவரைக்கும் தாண்டிப்போவார்கள். அதில் அவுட்புட்தான் மாட்டிவிடும். செக்பாயின்டுக்குப் பிறகு, விழுவதற்கு முன் எழுதிய ரெக்கார்டுகள் அவுட்புட்டில் ஏற்கெனவே இருக்கும். மாட் (ஃபைலின் கடைசியில் சேர்த்து எழுதும் ஆப்ஷன்) போட்டுத் தொடர்ந்து எழுதினால் அவை இரண்டு தடவை வரும். டேபிளில் கூட்டி வைத்திருந்த தொகைகளையும் செக்பாயின்டில் சேர்த்துச் சேமிக்கவேண்டும், அதை மறப்பவர்கள் அதிகம்.

நான் பரிந்துரைப்பது நீங்கள் சொன்னதேதான், துண்டு போடுவது. சார்ட் ஸ்டெப்பிலேயே அவுட்ஃபில் வைத்துக் கணக்கு எண் வரம்புப்படி எட்டு ஃபைலாகப் பிரித்துவிடலாம். அதே ப்ரோக்ராம் எட்டு ஜாப்பாக ஓடும். ஒவ்வொன்றும் மாஸ்டரில் தன் வரம்பின் தொடக்கத்துக்கு ஸ்டார்ட் கட்டளையால் போய் அங்கிருந்து படிக்கும். ஒன்று விழுந்தால் அதன் அவுட்புட்டை அழித்துவிட்டு அதை மட்டும் ஓட்டினால் போதும். மண்டலக் கூட்டலை ஒவ்வொன்றும் சின்ன ஃபைலாக எழுதட்டும், கடைசியில் ஒரு ஸ்டெப் எட்டையும் கூட்டும்.

எண்ணிக்கையைச் சரிபார்க்கும் ஸ்டெப்பும் அங்கேயே: எட்டின் மொத்தமும் ஓமிட்டில் கழிந்ததும் சேர்ந்து டிரெய்லர் எண்ணுக்குச் சமமா? இல்லையென்றால் ரிட்டர்ன் கோடு 16, அதாவது பிழை.

#12 புதிய_வரவு

பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரு அடிப்படைக் கேள்வி, மன்னிக்கவும். இவ்வளவு பெரிய ஃபைலில் நடுவில் ஒரு ரெக்கார்டை எப்படித் திறந்து பார்ப்பது? ஐஎஸ்பிஎஃப் (மெயின்ஃப்ரேமின் திரை மெனு) எடிட்டில் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது.

#13 கன்ட்ரோல்_இன்டர்வல்

இதில் மன்னிப்பு எதற்கு? எடிட், வியூ இரண்டும் ஃபைலை முழுதாக மெமரிக்குக் கொண்டுவரப் பார்க்கும். ப்ரௌஸ் அப்படிச் செய்யாது, வேண்டிய இடத்தை மட்டும் படிக்கும். அதைவிட நல்லது, ஐடிகேம்ஸ் என்ற ஃபைல் கருவியின் ரெப்ரோ (நகலெடுக்கும்) கட்டளையில் ஸ்கிப், கவுன்ட் கொடுத்து வேண்டிய நூறு ரெக்கார்டை மட்டும் ஒரு சின்ன ஃபைலுக்கு எடுத்துப் பாருங்கள். கணக்கு எண் தெரியும் என்றால் சார்ட்டில் இன்க்ளூட் வைத்து எடுங்கள். ப்ரொடக்‌ஷன் ஃபைலை எடிட்டில் திறக்கும் பழக்கமே வேண்டாம்.

#14 நள்ளிரவு_பேட்ச்

கடைசி நிலவரம்.

சார்ட்டைத் தனி ஸ்டெப் ஆக்கி 60 பைட்டாக வெட்டினேன். ப்ரோக்ராமைப் பொருத்தும் முறைக்கு மாற்றினேன். பிளாக் வரி சேர்த்தேன். டெஸ்ட் ஓட்டத்தில் இரண்டு மணி பத்து நிமிடம் வந்தது. ஐஓ குறைந்துவிட்டது, ஆனால் சிபியு நேரம் இறங்கவில்லை. தேடியதில் கிளைக் குறியீட்டு டேபிள் மாட்டியது. 12,000 வரி, முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடும் வெறும் சர்ச். சராசரியாக 6,000 ஒப்பீடு, அதுவும் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும். சர்ச் ஆல் (பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது) ஆக மாற்றினால் அதிகபட்சம் 14 ஒப்பீடு. டேபிள் ஏறுவரிசையில் இருக்கவேண்டும் என்பதால் லோட் செய்யும்போதே வரிசையைச் சோதிக்கிறேன். மிச்ச இடங்களை ஹை-வேல்யூஸால் நிரப்பினேன், முதலில் ஸ்பேஸ் இருந்ததால் சில கிளைகள் கிடைக்கவே இல்லை. இப்போது சார்ட்டோடு சேர்த்து 52 நிமிடம். எட்டாகப் பிரிப்பதை அடுத்த மாதம் செய்வேன்.

மண்டலக் கூட்டல் விஷயம். பழைய அறிக்கைகளை எடுத்து எல்லா மண்டலங்களையும் கையால் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிட்டேன். நான்கு மாதங்களில் சரியாக நூறு கோடி குறைகிறது. போன மாதம் இரண்டு மண்டலங்கள் வெட்டுப்பட்டதால் இருநூறு கோடி. மொத்தத் தொகை தனி ஃபீல்டில் சரியாக வந்துகொண்டிருந்ததால் யாரும் மண்டலங்களைக் கூட்டிப் பார்க்கவில்லை. மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், உட்காரவைத்து ஐந்து மாத அறிக்கையையும் திருத்தி அனுப்ப ஆள் கொடுத்தார்.

ஃபீல்டை எஸ்9(15)வி99 காம்ப்-3 (பேக்டு) ஆக்கியாயிற்று, ஒன்பது பைட். எல்லா ஆடிலும் ஆன் சைஸ் எரர் வைத்து, வந்தால் ஜாப் நிற்கும்.

#15 பச்சைத்திரை

தம்பி, மனசு நிறைந்தது. ஒன்றே ஒன்று. அந்த மண்டலத் தொகையை அறிக்கையில் மட்டும்தான் அச்சிடுகிறீர்களா, இல்லை ஃபைலாகவும் வேறு ஜாப்புக்குப் போகிறதா? போகிறது என்றால் அங்கே வாங்கும் காப்பிபுக்கில் (ரெக்கார்டின் அமைப்பை எழுதி வைத்திருக்கும் பொதுச் சோர்ஸில்) அகலம் இன்னும் எஸ்9(9)வி99 ஆகவே இருக்கும்.

#16 நள்ளிரவு_பேட்ச்

போகிறது அண்ணா. மூன்று ஜாப் படிக்கிறது. அதில் ஒன்றின் காப்பிபுக் தனி நகல், எங்கள் லைப்ரரியில் இல்லை. இன்று ராத்திரி அந்தச் சோர்ஸைத் தேடி எடுக்கிறேன்.